முதல் பீர் கிட்: 1.020இல் நின்றுவிட்டது, பாட்டிலில் அடைக்கலாமா?

லெஸ்டர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். இதுதான் முதல் முயற்சி. கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறந்தநாளுக்கு வீட்டில் பீர் தயாரிக்கும் கிட் ஒன்று பரிசாக வந்தது. 1.7 கிலோ மால்ட் சாறு டின், மூடிக்கு அடியில் ஈஸ்ட் பொட்டலம், ஒரு தாள், அவ்வளவுதான். பக்கெட், ஏர்லாக் (உள்ளே உண்டாகும் வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு), ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் மிதவை, சர்க்கரை தீரத் தீர அளவு இறங்கும்) எல்லாம் தனியாக வாங்கினேன். தாளில் சொன்னபடி மூன்றரை லிட்டர் கொதிநீரில் சாற்றையும் ஒரு கிலோ சர்க்கரையையும் கரைத்து, குழாய்த் தண்ணீர் விட்டு 23 லிட்டர் ஆக்கினேன். அப்போது 21 டிகிரி இருந்தது, ஹைட்ரோமீட்டர் 1.043 காட்டியது. ஈஸ்டைத் தூவி, மூடி, சமையலறை மூலையில் டைல்ஸ் தரையில் வைத்தேன்.

மறுநாள் காலையிலேயே ஏர்லாக் குபுகுபு என்று ஆரம்பித்துவிட்டது. நான் பெருமையாக வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். நான்காம் நாள் சத்தம் நின்றது. எட்டாம் நாள் அளந்தால் 1.020. பத்தாம் நாளும் 1.020. இன்று பன்னிரண்டாம் நாள், அதே 1.020. இரண்டு நாள் அளவு மாறாவிட்டால் பாட்டிலில் அடைக்கலாம் என்கிறது தாள். 1.010க்குக் கீழே வர வேண்டும் என்றும் அதே தாள்தான் சொல்கிறது. எதை நம்புவது?

சனிக்கிழமை நண்பர்கள் உதவிக்கு வருகிறார்கள். 40 பாட்டில் கழுவி வைத்திருக்கிறேன், பாதி திருகுமூடி போட்ட ஒயின் பாட்டில். ருசி பார்த்ததில் இனிப்பான கஞ்சி மாதிரி இருந்தது. பக்கெட் சுவரில் பழுப்பாக ஒரு வளையம் ஒட்டியிருக்கிறது. கெட்டுப்போய்விட்டதா? “கண் கிண் போய்விடப் போகிறது, கொட்டுங்கள்” என்று மனைவி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

சும்மாகுடிப்பவன்:

மூன்று தடவை அளந்தும் மாறவில்லை என்றால் முடிந்தது என்றுதான் அர்த்தம். அடையுங்கள். நான் ஏர்லாக் நின்ற மறுநாளே அடைப்பேன், இதுவரை ஒன்றும் ஆனதில்லை.

பழையபக்கெட்:

அடைக்காதீர்கள்! மேலே சொன்ன நண்பருக்கு இதுவரை அதிர்ஷ்டம் இருந்திருக்கிறது.

அளவு மாறவில்லை என்றால் ஈஸ்ட் வேலையை நிறுத்திவிட்டது என்று மட்டும்தான் தெரியும். முடித்துவிட்டு நிறுத்தியதா, பாதியில் படுத்துவிட்டதா என்று அது சொல்லாது. ஒரு டின்னுக்கு ஒரு கிலோ சர்க்கரை போட்ட கிட் 1.010க்குப் பக்கத்தில் வராமல் முடிவது அரிது. சர்க்கரையை ஈஸ்ட் மிச்சம் வைக்காது.

கணக்கு இப்படி: ஹைட்ரோமீட்டர் ஒரு புள்ளி (அதாவது 0.001) இறங்க, லிட்டருக்குச் சுமார் 2 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்ன வேண்டும். உங்களுக்கு இன்னும் 10 புள்ளி மீதி. அதாவது லிட்டருக்கு 20 கிராம். பாட்டிலில் வாயு ஏறுவதற்காக நாம் வழக்கமாகச் சேர்க்கும் சர்க்கரை லிட்டருக்கு 6 கிராம்தான். சனிக்கிழமை அடைத்தால் 26 கிராமும் பாட்டிலுக்குள் போகும். என்றைக்காவது வீடு கொஞ்சம் சூடானதும் ஈஸ்ட் விழித்துக்கொண்டு மிச்சத்தைத் தின்னும். கண்ணாடி தாங்காது. ஒயின் பாட்டில் என்றால் அந்த 6 கிராமுக்கே பயம்தான், அது அழுத்தத்துக்குச் செய்த பாட்டில் இல்லை. அதை எப்படியானாலும் ஒதுக்கிவிடுங்கள்.

பழுப்பு வளையம் நுரை பொங்கி இறங்கிய தடம், நல்ல அடையாளம். இப்போதைக்கு எதுவும் கெடவில்லை. கண் விஷயத்துக்கு வீட்டில் சொல்லுங்கள்: கண்ணைப் பறிப்பது மெத்தனால். விஷச்சாராயச் சாவுகளில் கேள்விப்படுவது அது கலந்த சரக்கு. மால்ட் நொதிக்கும்போது பொருட்படுத்தும் அளவுக்கு மெத்தனால் உண்டாவதில்லை, நீங்கள் காய்ச்சி வடிக்கவும் இல்லை.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். ராத்திரி ஹீட்டிங் அணைத்தபின் அந்த மூலையில் எத்தனை டிகிரி? ஹைட்ரோமீட்டரை வெறும் தண்ணீரில் விட்டுப் பார்த்தீர்களா?

ஸ்கார்பரோ அக்கா:

தம்பி, குளிருக்குள்ள தோசை மா புளிக்காமல் கிடக்கிறதைப் பார்த்திருப்பீங்கள்தானே? இதுவும் அதேதான். இங்கே கனடாவில் நான் மாவை ஓவனுக்குள் வைத்து லைட்டை மட்டும் போட்டுவிடுவேன், அப்பதான் பொங்கும்.

வெடிக்கிற கதை சும்மா பயமுறுத்தல் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் ஒருமுறை அவசரப்பட்டு அடைத்து, பேஸ்மென்டில் வைத்தார். இரவு இரண்டு மணிக்கு ஒன்று வெடித்தது, அது பக்கத்தில் இருந்ததையும் உடைத்தது. கண்ணாடித்துண்டு கூரைப் பலகையில் குத்தி நின்றது. மிச்சப் பாட்டில்களைக் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாய்த் திறந்து ஊற்றினார். பகலில் பிள்ளைகள் விளையாடுகிற இடம் அது. ஒரு கிழமை பொறுங்கோ.

லெஸ்டர்வாசி:

அக்கா, படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. சனிக்கிழமையைத் தள்ளி வைத்துவிட்டேன்.

நேற்று ராத்திரி வெப்பமானி வைத்துப் பார்த்தேன். காலை ஆறு மணிக்கு மூலையில் 14 டிகிரி. தரையில் வெறும் காலை வைக்க முடியவில்லை.

இன்னொரு கூத்து. ஹைட்ரோமீட்டரை 20 டிகிரி தண்ணீரில் விட்டேன், 1.000 காட்ட வேண்டியது 1.004 காட்டுகிறது! வாங்கியதிலிருந்தே இப்படியா, கீழே போட்டதில் உள்ளே இருக்கும் தாள் நகர்ந்துவிட்டதா தெரியவில்லை. ஆமாம், ஒருமுறை போட்டேன்.

பழையபக்கெட்:

தூக்கிப் போட வேண்டாம். எல்லா அளவிலும் 4 கழித்துக்கொள்ளுங்கள். ஆரம்பம் 1.039, இப்போது 1.016. நினைத்ததைவிடப் பரவாயில்லை, ஆனாலும் இன்னும் முடியவில்லை. அளக்கும்போது ஹைட்ரோமீட்டரை அளவுக்குழாயில் ஒரு சுழற்று சுழற்றி விடுங்கள். வாயுக் குமிழி ஒட்டினால் ஹைட்ரோமீட்டர் மிதந்து கூடுதலாகக் காட்டும். அளந்ததைப் பக்கெட்டில் திரும்ப ஊற்றாதீர்கள், குடித்துவிடுங்கள்.

21 டிகிரியில் ஆரம்பித்திருக்கிறது, நொதிக்கும்போது தானே கொஞ்சம் சூடும் உண்டாகும், அதனால் முதல் மூன்று நாள் தாக்குப்பிடித்தது. வேகம் குறைந்ததும் தரை சூட்டை உறிஞ்சிவிட்டது. ஈஸ்ட் அடியில் போய் மண்டியோடு மண்டியாகப் படுத்துவிட்டது.

முதலில் பக்கெட்டைத் தரையிலிருந்து எடுங்கள். பாய்லர் இருக்கும் அலமாரி உண்டென்றால் அதுதான் உத்தமம். இல்லாவிட்டால் பலகை மேல் வைத்துக் கம்பளி சுற்றுங்கள். 20, 21 டிகிரி போதும். ரேடியேட்டரோடு ஒட்டி வைத்து வேகவைக்காதீர்கள். 23 லிட்டர் ஒரே ராத்திரியில் சூடாகாது, இரண்டு நாள் பிடிக்கும். சூடானபின் மூடியைத் திறக்காமல் பக்கெட்டை மெதுவாக வட்டமாக ஆட்டினால் அடியில் கிடப்பது கொஞ்சம் எழும்பும். தளும்பக் கூடாது. இந்தக் கட்டத்தில் காற்றுக் கலந்தால் பின்னால் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வரும்.

சும்மாகுடிப்பவன்:

இன்னொரு பொட்டலம் ஈஸ்ட் போட்டால் ஒரே நாளில் முடியுமே?

பழையபக்கெட்:

14 டிகிரியில் புது ஈஸ்டும் போய்ப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். ஏற்கெனவே ஆல்கஹால் இருக்கிறது, ஆக்சிஜன் இல்லை, காய்ந்த ஈஸ்டுக்கு அங்கே விழிப்பதே பாடு. சூடாக்கி ஒரு வாரம் பார்த்துவிட்டு, அப்போதும் அசையாவிட்டால் யோசிக்கலாம்.

எட்டிப்பார்ப்பவன்:

நடுவில் ஒரு கேள்வி. நான் சென்னையில் இருக்கிறேன். இங்கே 14 டிகிரி பிரச்சினையே வராது. கிட் வரவழைத்துச் செய்யலாமா?

பழையபக்கெட்:

வேண்டாம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். பிரிட்டனிலும் ஒரு காலத்தில் இதற்கு உரிமம் வாங்க வேண்டியிருந்தது, 1963இல்தான் எடுத்தார்கள். இப்போதும் சொந்தக் குடிக்குத்தான், விற்கக் கூடாது. லெஸ்டர்காரர் நண்பர்களிடம் பாட்டில் காசு கேட்காமல் இருப்பது நல்லது.

லெஸ்டர்வாசி:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

பாய்லர் அலமாரியில் துண்டுகளை எல்லாம் காலி செய்து பக்கெட்டை ஏற்றினேன். அதற்கு வாங்கிய திட்டு தனிக் கதை. இரண்டாம் நாள் 20 டிகிரி வந்தது, மெதுவாக ஆட்டினேன். மூன்றாம் நாள் காலை ஏர்லாக்கில் ஒரு குமிழி. ஒரு நிமிடம் கழித்து இன்னொன்று. இந்தத் தடவை வீடியோ எடுக்கவில்லை.

ஒரு வாரத்தில் ஹைட்ரோமீட்டர் 1.012 காட்டியது, நான்கு கழித்தால் 1.008. மூன்று நாள் விட்டு அளந்தேன், அதேதான். ஆரம்பத்திலிருந்து 31 புள்ளி இறங்கியிருக்கிறது, ஆல்கஹால் 4 சதவீதத்துக்கு ஒரு நூல் மேலே வருகிறது. இனிப்பு போய்விட்டது, வாயு இல்லாத பீர் மாதிரியே இருக்கிறது. இப்போது அடைக்கலாம்தானே?

பழையபக்கெட்:

தாராளமாக. 22 லிட்டர் தேறும் என்று வையுங்கள். 130 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் கொதிநீரில் கரைத்து இன்னொரு சுத்தமான பக்கெட்டில் விட்டு, அதன்மேல் பீரைக் குழாய் வழியாகச் சத்தமில்லாமல் இறக்குங்கள். மண்டி அங்கேயே கிடக்கட்டும். பாட்டிலுக்குப் பாட்டில் ஸ்பூனால் அளந்து போட்டால் ஒன்று சப்பென்று இருக்கும், இன்னொன்று பொங்கி வழியும். பாட்டிலைக் கிருமிநீக்கியில் அலசுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒட்டியிருந்தால் நுரை நிற்காது.

ஒன்றே ஒன்றை மட்டும் சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலில் அடையுங்கள். அதை அமுக்கிப் பார்த்தால் மற்றவை எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரியும்.

லெஸ்டர்வாசி:

41 பாட்டிலும் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றும் தேறின. ஒயின் பாட்டில்கள் மறுசுழற்சிக்குப் போய்விட்டன. ஐந்தாம் நாளே பொறுக்காமல் ஒன்றைத் திறந்தேன், சப்பென்று இருந்தது. இன்று இரண்டு வாரம், பிளாஸ்டிக் பாட்டில் கல் மாதிரி இருக்கிறது. ஒன்றைக் குளிரவைத்துத் திறந்தோம். நுரை இரண்டு விரல் உயரம் நின்றது. கடைசியில் ஆப்பிள் வாசம் லேசாக வந்தது, அது போகுமா?

மனைவி ஒரு மடக்கு குடித்துவிட்டு, துண்டு அலமாரியை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று கேட்டாள்.

ஸ்கார்பரோ அக்கா:

ஆப்பிள் வாசம் இன்னும் இரண்டு கிழமையில் போயிடும் தம்பி. அலமாரியை இப்பவே குடுங்கோ.