"ஆஃப் கிளட்ச்" என்பதற்குத் தமிழ்: பற்றுமிடம், உரசோட்டம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கையால் கியர் மாற்றும் கார்களை ஓட்டிப் பழகுவோருக்கான சொற்பட்டியலில் "ஆஃப் கிளட்ச்" என்பதற்கு நேரே இன்னும் ஒரு சொல் உறுதியாகவில்லை. கிளட்ச் மிதியை முழுதும் அமுக்காமலும் முழுதும் விடாமலும், எஞ்சினின் விசை சக்கரத்துக்குப் போகத் தொடங்கும் இடத்தில் வைப்பதையே அப்படிச் சொல்கிறோம் ("ஆஃப்" என்பது இங்கே "அரை" என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்). "அரைப்பற்று", "பிடிநிலை", "கடிமுனை" என்னும் மூன்று முன்மொழிவுகள் வந்துள்ளன. மூன்றையும் என்னால் ஏற்க இயலவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இந்த ஒரு சொல் தவறினால் ஓட்டுபவரின் காலும் தவறும் என்பதை அண்மையில் நேரில் கண்டேன்.

சேலத்தில் என் அக்கா மகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து வருகிறேன். பழகுநர் உரிமம் பெற்று, ஒரு வாரம் சமதரையில் ஓட்டிய பிறகு, அடுக்ககத்தின் தரைக்குக் கீழே உள்ள வண்டி நிறுத்தத்திலிருந்து தெருவுக்கு ஏறும் சரிவில் முதன்முறையாக வண்டியை எடுத்தாள். பாதிச் சரிவில் கைப்பிரேக் போட்டு நிறுத்தச் சொல்லிவிட்டு, "ஆஃப் கிளட்ச்ல வச்சுக்கிட்டு மெதுவா கைப்பிரேக்கை விடு" என்றேன். அவள் கிளட்ச் மிதியை அதன் முழு நகர்வில் சரியாகப் பாதிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, கைப்பிரேக்கை விடுவித்தாள். வண்டி பின்னால் உருண்டது. நான் கைப்பிரேக்கை இழுத்து நிறுத்திய பின், "நீங்கதானே மாமா பாதின்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். அந்தக் காரில் கிளட்ச் பிடிமானம் கொள்வது பாதியில் இல்லை. மிதி ஏறக்குறைய முழுவதும் மேலே வந்த பிறகுதான்.

"அரை", "பாதி" என்று தொடங்கும் எந்தச் சொல்லும் தவறு என்று நான் கருதுவதற்கு இதுவே அடிப்படை. எஞ்சினின் வளைதண்டோடு சேர்ந்து சுழலும் கனத்த ஃபிளைவீலுக்கும், கியர்பெட்டியின் தண்டில் கோத்த கிளட்ச் தட்டுக்கும் இடையே உராய்வுதான் ஒரே உறவு. மிதியை அமுக்கும்போது, கிளட்ச் தட்டை ஃபிளைவீலோடு நெருக்கி வைத்திருக்கும் அழுத்தத்தட்டு விலகி அந்த உறவு அறுகிறது. மிதியை விடும்போது உள்ளே இருக்கும் வில் அழுத்தத்தட்டை மீண்டும் நெருக்கி, கிளட்ச் தட்டை ஃபிளைவீலோடு சேர்க்கிறது. மிதி மேலே வரும் வழியில் எந்த இடத்தில் இந்தச் சேர்க்கை தொடங்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். கேபிளில் இயங்கும் கிளட்ச்சை அவ்வப்போது சரிசெய்யாமல் விட்டால், தட்டின் மேலுறை தேயத் தேய அந்த இடம் மேலே ஏறிக்கொண்டே போகும். ஒரே காரிலும் மாறக்கூடிய ஓர் இடத்துக்குப் "பாதி" என்னும் அளவைப் பெயராக வைப்பது, பழகுபவரின் கவனத்தை எஞ்சின் சத்தத்திலிருந்து விலக்கி, மிதியின் உயரத்தை அளப்பதில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

"பிடிநிலை" முதல் பார்வையில் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் நம் பேச்சில் "கிளட்ச்சைப் பிடி" என்றால் என்ன பொருள் என்று எண்ணிப் பாருங்கள். இருசக்கர வண்டியில் கிளட்ச் கையில் இருப்பதால், பிடியை இறுக்கினால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள இணைப்பு விடுபடுகிறது. மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் இதே வழக்கைக் காருக்கும் கொண்டுவந்து, "கிளட்ச்சைப் பிடிச்சு கியரைப் போடு" என்கிறார்கள். ஆக, ஓட்டுபவர் பிடித்தால் தட்டு விடுகிறது; ஓட்டுபவர் விட்டால் தட்டு பிடிக்கிறது. பொறியியல் மாணவருக்கு இந்த முரண் பெரிதல்ல. முதல் நாள் பயிற்சியில் கால் நடுங்க அமர்ந்திருப்பவருக்கு, "பிடிநிலைக்கு வா" என்பது மிதியை அமுக்கச் சொல்வதா, விடச் சொல்வதா என்பது தெளிவாக இராது. பிடித்தல் என்னும் வினை ஏற்கெனவே ஓட்டுபவரின் கைக்கும் காலுக்கும் உரியதாகிவிட்டபடியால், தட்டின் செயலுக்கு வேறு வினை வேண்டும்.

"கடிமுனை" ஆங்கிலத்தின் "பைட்டிங் பாயின்ட்" என்பதை அப்படியே பெயர்த்தது. அதை முன்மொழிந்த நண்பர், "கொண்டை ஊசி வளைவு" என்பதும் அவ்வாறு வந்ததுதானே, ஏற்காட்டுப் பாதையில் 20 வளைவுகளையும் அப்படித்தானே எண்ணுகிறோம் என்று கேட்டிருந்தார். அது நல்ல கேள்வி. அந்தச் சொல் நிலைத்ததற்குக் காரணம், கொண்டை ஊசி நம் வீட்டில் இருந்த பொருள். அதன் வடிவமும் சாலையின் வடிவமும் ஒன்றாகவே இருந்தன. கடித்தல் அவ்வாறு பொருந்தவில்லை. தமிழில் நாய் கடிக்கும், செருப்புக் கடிக்கும், கொசுக் கடிக்கும். கடித்த இடத்தில் வலி இருக்கும். இரண்டு வழவழப்பான தட்டுகள் மெல்லச் சேர்வதைத் தமிழர் எவரும் கடித்தல் என்று உணரமாட்டார்கள். "முனை" என்பதும் மிகக் கூர்மையானது. சேர்க்கை ஒரு நொடியில் முடிவதில்லை. மிதியின் நகர்வில் ஒரு சிறு நீளத்துக்கு அது பரவிக் கிடக்கிறது.

என் முன்மொழிவு "பற்றுமிடம்". பற்றுதல் என்னும் வினைக்குத் தொடக்கத்தைக் காட்டும் பொருள் இயல்பாகவே உண்டு. திரியில் தீப் பற்றியது, துணியில் சாயம் பற்றியது என்னும்போது, அதுவரை ஒட்டாத ஒன்று ஒட்டத் தொடங்கிவிட்டது என்பதையே சொல்கிறோம். யாரும் கையால் பிடிக்கவில்லை, அது தானாகப் பற்றியது. கிளட்ச் தட்டு செய்வதும் அதுவே. "இடம்" என்பது முனையைப் போலவோ புள்ளியைப் போலவோ இறுகிய சொல் அன்று. கொஞ்சம் அகலத்துக்கு இடம் கொடுக்கும். "தங்குமிடம்", "நிறுத்துமிடம்" என்று நாவுக்குப் பழகிய அமைப்பாகவும் இருக்கிறது. பேச்சில் "பத்துற இடம்" என்று தானாகவே குழையும் என்பதை இதன் பெரிய வலிமையாகக் கருதுகிறேன். பயிற்சி தரும் ஓட்டுநரின் வாயில் நுழையாத கலைச்சொல் அகராதியில் மட்டுமே இருக்கும்.

இரண்டாம் நாள் அதே சரிவில், அளவைச் சொல்லாமல் அறிகுறிகளைச் சொல்லிப் பார்த்தேன். கைப்பிரேக் போட்டபடி, முதல் கியரில், எஞ்சினுக்கு மிகச் சிறிது வேகம் கொடுத்துக்கொண்டு, கிளட்ச்சை மெதுவாக விடச் சொன்னேன். ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் கனத்துத் தாழ்ந்தது. முன்மூடி (பானெட்) சற்றே எழும்பியது. ஸ்டியரிங்கில் ஓர் அதிர்வு வந்தது. "இதுதான் பற்றுமிடம், காலை இங்கேயே வை" என்றேன். கைப்பிரேக்கை விடுவித்த பின்னும் வண்டி பின்னால் போகாமல் அங்கேயே நின்றது.

இங்கே இரண்டாவது சிக்கல் தொடங்குகிறது. பேச்சில் "ஆஃப் கிளட்ச்" என்பது அந்த இடத்தை மட்டும் குறிப்பதில்லை. தட்டை அரைகுறையாகப் பற்றவிட்டு, வழுக்கிக்கொண்டே ஓட்டும் செயலையும் குறிக்கிறது. அந்தச் செயல் ஓரளவுக்கு இன்றியமையாதது. வேகம் கொடுக்காத நிலையில் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றுகள் சுழல்வதாகவும், முதல் கியரில் அது மொத்தமாக 14 மடங்கு குறைந்து சக்கரத்தை அடைவதாகவும் கொண்டால், சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 57 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு 1.75 மீட்டர் என்று வைத்தால் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர் ஆகிறது. நிற்கும் வண்டி அந்த வேகத்தை எட்டும்வரை தட்டு வழுக்கித்தான் ஆகவேண்டும்; வழுக்க விடாமல் சட்டென்று காலை எடுத்தால் எஞ்சின் அணைந்துவிடும். ஆனால் நெரிசலில் ஊர்ந்துகொண்டே இதை நீட்டித்தால் உராய்வின் வெப்பம் தட்டின் மேலுறையைத் தின்கிறது. மலைப்பாதை நெரிசலில் முன்னே நிற்கும் வண்டியிலிருந்து வரும் கருகல் வாடை பெரும்பாலும் இதனுடையதோ பிரேக்கினுடையதோதான். அறிந்துகொள்ள வேண்டிய இடத்துக்கும் அளவோடு செய்யவேண்டிய செயலுக்கும் ஒரே பெயர் இருப்பதால்தான், "ஆஃப் கிளட்ச்ல ஓட்டாதே" என்று திட்டும் அதே பயிற்றுநர் அடுத்த மேட்டில் "ஆஃப் கிளட்ச்ல நில்லு" என்கிறார். செயலுக்கு "உரசோட்டம்" என்று சொல்லலாம்: வெள்ளோட்டம், தேரோட்டம் வரிசையில் இதுவும் அமையும், உரசினால் தேயும் என்பதையும் சொல்லே உணர்த்திவிடும்.

கிளட்ச்சுக்கே "பற்றி" என்று பெயரிட்டு, அதன் வழியே எல்லாவற்றையும் ஆக்கலாம் என்னும் கருத்துக்கும் ஒரு மறுமொழி. "பற்றியைப் பற்றி" என்று ஒவ்வொரு பத்தியிலும் எழுத நேரும். உருபாகப் பயன்படும் சொல்லைப் பொருளின் பெயராக்கினால் வாசிப்பவர் ஒவ்வொரு முறையும் நின்று பிரித்தறிய வேண்டியிருக்கும். கருவியின் பெயர் கிளட்ச் என்றே இருக்கட்டும். பட்டறையிலும் உதிரிப்பாகக் கடையிலும் அதுவே வழங்குகிறது. எஞ்சின் தானாக நின்றுபோவதற்கு "அணைதல்" போதும். நாமே நிறுத்துவது அணைத்தல், தானே நிற்பது அணைதல் என்று தமிழ் வினையே வேறுபடுத்திவிடுகிறது.

"பற்றுமிடம்" குறித்து எனக்கு ஐயமில்லை. "உரசோட்டம்" என்பதை இருக்கையில் அமர்ந்து இன்னும் சொல்லிப் பார்க்கவில்லை. சக்கரம் உரசுவதாகவோ வண்டி சுவரில் உரசுவதாகவோ அதைக் கேட்பவர் எண்ணிவிடக் கூடும். உங்களில் ஓட்டப் பழக்கியவர்கள், ஓட்டும்போது பக்கத்திலிருந்து சொல்லக்கூடிய ஒரு முழு வாக்கியத்தில் அதை வைத்துப் பார்த்து, இடறினால் வேறு சொல்லோடு எழுதுங்கள்.