புதுப்பிப்பு: ஈறு நோயோட கிளிப் போடலாமான்னு கேட்டிருந்தேன்ல

போன வருஷம் கேட்டிருந்தேன், வயசு 38, பல்லு தேய்ச்சா ஈறுல ரத்தம், முன்பல்லு ரெண்டும் விலகி இடைவெளி விழுந்துருச்சு, இந்த நெலமைல கிளிப் போடலாமான்னு. பாதி பேரு வேணவே வேணாம்னீங்க. போட்டாச்சுங்க, இன்னையோட நாலு மாசம்.

ஆனா நேரா போய் போடல. முதல்ல போன கிளினிக்ல எக்ஸ்ரே கூட பாக்காம அடுத்த வாரமே மாட்டிரலாம்னாங்க, பயந்து ஓடி வந்துட்டேன். அப்புறம் ஈறு டாக்டர்கிட்ட போனா ஒவ்வொரு பல்லச் சுத்தியும் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்குற இடுக்குல குச்சி மாதிரி ஒன்ன விட்டு அளந்தாங்க, சில எடத்துல 6 மி.மீ. ஆழம், நல்ல ஈறுன்னா 3க்குள்ள இருக்கணுமாம். மரத்துப்போற ஊசி போட்டு ஈறுக்கு அடியில வேர் வரைக்கும் டீப் கிளீனிங், அப்புறம் ஆறு மாசம் சும்மா வெயிட்டிங், அதான் செம கடுப்பு. ஈறு வீக்கம் இருக்கும்போதே பல்ல இழுத்தா அதத் தாங்குற எலும்பு இன்னும் வேகமா கரையும்னு சொன்னதால பொறுத்துக்கிட்டேன். ரத்தம் நின்னு அளவு 4க்குள்ள வந்தப்பறம்தான் கம்பி, அதுவும் கம்மி ஃபோர்ஸ்ல, மெதுவா.

இப்ப 3 மாசத்துக்கு ஒருதடவ கிளீனிங், ராத்திரி குட்டி பிரஷ்ஷோட 15 நிமிஷம் போராட்டம் (முருங்கைக்காய்க்கு டாட்டா). இடைவெளி பாதி மூடிருச்சு. கரைஞ்ச எலும்பு தானா திரும்ப வராதாம், அதனால கிளிப் கழட்டினாலும் பல்லு மறுபடி விலகாம இருக்க பின்னாடி ஒரு கம்பி நிரந்தரமா இருக்கும்னுட்டாங்க.