மரபணு சிகிச்சை: ‘ஒரே ஊசி’ என்று சொல்வது நியாயமா?

கரிசல்காரன்:
எஸ்எம்ஏ என்கிற பரம்பரைத் தசை பலவீன நோய் உள்ள குழந்தைகளுக்குப் போடும் ஸோல்ஜென்ஸ்மா மரபணு மருந்தை ‘வாழ்நாளுக்கு ஒரே ஊசி’ என்று புகழ்கிறார்கள். இரண்டாவது ஊசி போட வழியில்லை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. மரபணுவைச் சுமந்து போகிற ஏஏவி என்கிற சின்ன வைரஸை உடம்பு ஒருமுறை பார்த்துவிட்டால் அதை எதிர்க்கும் ஆன்டிபாடியைக் குவித்து வைத்துக்கொள்ளும், அடுத்த முறை செல்லுக்குள் நுழையவே விடாது. ஊசியே போடாத பலரிடமும் அந்த ஆன்டிபாடி இருக்கும், ஏனென்றால் இந்த வைரஸ் எந்த நோயும் தராமல் சின்ன வயதிலேயே வந்து போயிருக்கும். அமெரிக்காவில் 2019இல் 21 லட்சம் டாலருக்கு மேல் விலை வைத்த மருந்து இது. ஆன்டிபாடி அதிகமாக (1:50 அளவுக்கு மேல்) இருந்த குழந்தைகளைச் சோதனைகளில் சேர்க்கவே இல்லை.

லேப்வாசி:
அதற்காக மருந்தையே குறை சொல்வீர்களா? எதிர்ப்பு வரும் என்பது தெரிந்த சங்கதிதான். ரத்தம் சரியாக உறையாத ஹீமோபீலியா பி நோயாளிகளின் கல்லீரலுக்கு ஏஏவி செலுத்திய பரிசோதனை 2006இல் வெளிவந்தது. ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் 9 புரதம் நன்றாக ஏறியது, சில வாரங்களில் கல்லீரல் சேதத்தைக் காட்டும் என்சைம் எகிறியது, ஃபேக்டர் பழையபடி இறங்கிவிட்டது. வைரஸின் உறைப்புரதத்தை அடையாளம் வைத்து நோய் எதிர்ப்புப் படையான டி செல்கள் நம்முடைய கல்லீரல் செல்களையே அடித்துவிட்டன. 2011இல் அதே நோய்க்கு லண்டன் குழு பிரெட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டு கொடுத்து அதை அடக்கியது, ஃபேக்டரும் தொலையாமல் நிலைத்தது. இப்போது ஸோல்ஜென்ஸ்மாவுக்கு முந்தின நாளே ஸ்டீராய்டு ஆரம்பித்து ஒரு மாதமாவது தருகிறார்கள். முடிந்தது கதை.

கரிசல்காரன்:
எங்கே முடிந்தது? 1999இல் பென்சில்வேனியாவில் ஜெஸ்ஸி கெல்சிங்கர், 18 வயது, மரபணு சிகிச்சைப் பரிசோதனையில் ஊசி போட்ட நாலாம் நாள் போய்விட்டான். அது அடினோவைரஸ், ஏஏவி வேறு என்பீர்கள், சரி. 2025இல் டுஷேன் தசைச்சிதைவுக்கு எலெவிடிஸ் என்கிற மரபணு மருந்தை எடுத்துக்கொண்ட, நடக்க முடியாத இரண்டு பேர் கல்லீரல் செயலிழந்து இறந்தார்களே, அது ஏஏவி தானே? ஸ்டீராய்டு நடைமுறை அங்கேயும் உண்டு.

லேப்வாசி:
அளவைப் பாருங்கள் நண்பரே. லண்டனில் கொடுத்த உச்ச அளவு உடல் எடை கிலோவுக்கு 2 லட்சம் கோடி வைரஸ் துகள். எலெவிடிஸில் கிலோவுக்கு 133 லட்சம் கோடி, தசை உடம்பு முழுக்க இருப்பதால். இவ்வளவையும் ஒரே நாளில் ரத்தத்தில் இறக்கினால் எந்தக் கல்லீரல் தாங்கும்? குறைந்த அளவிலேயே தசைக்குப் போய்ச் சேருகிற வைரஸ் உறைதான் தேவை, மருந்தை மூட்டை கட்டுவது அல்ல.

வேலூர்க்காரி:
இரண்டு பேரும் ஏஏவியை விட்டு வெளியே வாருங்கள். எங்கள் ஊர் சிஎம்சி ஆஸ்பத்திரியில், ஃபேக்டர் 8 குறைபாடான ஹீமோபீலியா ஏ உள்ள 5 பேருக்கு என்ன செய்தார்கள்? ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்லை வெளியே எடுத்து, லென்டிவைரஸ் என்கிற வேறொரு வைரஸ் மூலம் ஃபேக்டர் 8 மரபணுவை ஏற்றி, திரும்ப உள்ளே விட்டார்கள். 2024 டிசம்பரில் முடிவு வெளிவந்தது, சிகிச்சைக்குப் பிறகு யாருக்கும் ரத்தக்கசிவு இல்லை. வைரஸை நேராக ரத்தத்தில் விடுவதில்லை, அதனால் ஏஏவி ஆன்டிபாடி இருந்தாலும் தடையில்லை.

கரிசல்காரன்:
அதற்கு முன்னால் கீமோ கொடுத்து எலும்பு மஜ்ஜையைக் காலி செய்ய வேண்டுமே, அதை விட்டுவிட்டீர்கள். கிருமி எதுவும் தொற்றாமல் பல நாள் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும், பிறகு குழந்தை பிறக்குமா என்ற கவலை வேறு.

வேலூர்க்காரி:
தெரியும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ஃபேக்டர் ஏற்றிக்கொண்டு, அதை வாங்கப் பணமில்லாத மாதங்களில் முட்டி வீங்கிப் படுத்திருக்கிறவர் அதையும் தெரிந்துதான் கையெழுத்துப் போடுகிறார் அண்ணே.

லேப்வாசி:
ரத்தம் சம்பந்தப்பட்ட நோய்க்கு அது சரி. எஸ்எம்ஏவில் மரபணு போய்ச் சேர வேண்டியது தண்டுவட நரம்பு செல்லுக்கு, அங்கே இன்றைக்கு ஏஏவியை விட்டால் உங்களிடம் வேறென்ன இருக்கிறது?