"விலை நேரில்"னு விளம்பரம் பாத்து போனவங்க அனுபவம் சொல்லுங்க

குரோம்பேட்டை குடித்தனக்காரன்:
வீட்டு மனை தேடிட்டு இருக்கேன். ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ்ல விலை போட வேண்டிய எடத்துல 1 ரூபா, இல்லன்னா 12345னு இருக்கு. கமெண்ட்ல எவ்ளோன்னு கேட்டா "இன்பாக்ஸ் வாங்க சார்", இன்பாக்ஸ் போனா "நம்பர் அனுப்புங்க", நம்பர் அனுப்புனா ஃபோன்ல மொத கேள்வியே எங்க வேலை பாக்குறீங்க, லோனா ரெடி கேஷா, பட்ஜெட் என்னன்னு. நான் கேட்ட ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வராது. கூடுவாஞ்சேரி பக்கம் ஒரு மனைக்கு ஐடி வேலைன்னு சொன்ன எனக்கு சதுர அடி 4,800ன்னாரு, அடுத்த நாள் என் தம்பி மெக்கானிக்னு சொல்லி கேட்டான், அதே ஆளு அதே மனைக்கு 4,200ன்னு சொல்றாரு. ஆயிரம் சதுர அடிக்கு ஆறு லட்சம் வித்தியாசம், என் கழுத்துல தொங்குற ஐடி கார்டுக்கு!

ஞாயிறு வேன் பயணி:
ஃப்ரீ சைட் விசிட் போனவங்க யாராவது இருக்கீங்களா? "சென்னைக்கு மிக அருகில்"னு போட்டுருந்தான், வேன் செங்கல்பட்டு தாண்டி மதுராந்தகமும் தாண்டி போய்க்கிட்டே இருக்கு, பக்கத்துல உக்காந்திருந்த பெரியவர் "தம்பி இது பாண்டிச்சேரிக்கு தான் மிக அருகில்"னாரு. விலைய வழியில கேட்டா சொல்லல, சைட்ல கேட்டா சொல்லல, பிரியாணி எல்லாம் போட்டு முடிச்ச அப்பறம் தான் ஷாமியானாக்கு கீழ ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியா உக்கார வச்சு ஒரு பேப்பர்ல எழுதி காட்டுறாங்க. இன்னைக்கே டோக்கன் அட்வான்ஸ் போட்டா தான் இந்த ரேட்டாம். ஊருக்கு திரும்ப அவங்க வேன் தான்ங்கிறதால எந்திரிச்சு போகவும் முடியாது. சோறு நல்லாருந்துச்சு, அத சொல்லணும்.

மாடம்பாக்கம் புரோக்கர்:
நானே புரோக்கர் தான், திட்டறவங்க திட்டுங்க. விலைய போட்டா என்ன ஆகும்னு கேளுங்க. அடுத்த அரை மணி நேரத்துல வேற புரோக்கர் ஓனர் வீட்டு வாசல்ல நிப்பான். பாதி ஓனருங்களே போட வேணாம்னு தான் சொல்றாங்க, அண்ணன் தம்பிக்கு தெரிஞ்சா பங்கு கேப்பாங்கன்னு. இன்னொன்னும் சொல்லிடறேன், சில ஓனருங்க "எனக்கு இவ்ளோ கைக்கு வந்தா போதும், மேல வர்றது உன் சாமர்த்தியம்"னு விட்டுடுவாங்க, அப்போ கமிஷன் ரெண்டு பர்சன்ட்டெல்லாம் கெடையாது, பார்ட்டிய பாத்து தான் ரேட்டு. மெக்கானிக் தம்பிக்கு 4,200 சொன்னான்ல, அதுக்கும் கீழ எறங்குவான்.

கோவைக்காரி:
ஏனுங்க புரோக்கரண்ணா, உண்மைய சொன்னதுக்கு நன்றிங்க. நாங்க சரவணம்பட்டி பக்கம் தேடுறப்ப விலையவே கேக்கறதில்லைங்க, சர்வே நம்பர் மட்டும் கேப்போம். அத வச்சு பத்திரப்பதிவு வெப்சைட்ல வழிகாட்டி மதிப்பு, அதாவது அந்த எடத்துக்கு அரசாங்கம் போட்டிருக்கற மதிப்பு, பாத்துரலாம், வில்லங்கமும், அதாவது அந்த எடத்து மேல பதிவான பத்திர விவரமும், காசு கட்டாம பாக்கலாம். பக்கத்து மனை போன வருசம் எவ்வளவுக்கு பதிவாச்சுன்னு அந்த வில்லங்கத்துல கைமாற்றுத் தொகைன்னு ஒரு எடத்துல இருக்கும். அது நெச விலை இல்லைங்க, முக்காவாசி பேரு வழிகாட்டி மதிப்ப ஒட்டித்தான் பத்திரத்துல காட்டுவாங்க, மீதி கைல போகும். ஆனா கையில ஒரு நம்பரோட பேசறதுக்கும் சும்மா பேசறதுக்கும் வித்தியாசம் இருக்குதுங்க. சர்வே நம்பர் தர மாட்டேன்னு சொன்ன ஒருத்தர்கிட்ட அதுக்கு மேல பேசவே இல்ல. அப்பறம் விலைய சொல்றப்ப செலவையும் சேத்து கேளுங்க, முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் ஒம்பது பர்சன்ட் தனியா எடுத்து வைக்கணும், இத எந்த புரோக்கரும் தானா சொல்றதில்ல.

மெல்போர்ன் மாமா:
இங்கயும் "காண்டாக்ட் ஏஜென்ட்"னு மொட்டையா போடுவாங்க. ஆனா எங்க விக்டோரியா மாநிலத்துல 2017ல இருந்து ஒரு சட்டம் இருக்கு, ஏஜென்ட் ஒரு உத்தேச விலையோ ரேஞ்சோ எழுதி குடுத்தே ஆகணும், ரேஞ்ச் 10 பர்சன்ட்டுக்கு மேல விரியக்கூடாது, பக்கத்துல வித்த மூணு வீட்டு விலையும் பெரும்பாலும் அதுல இருக்கும். ஏலத்துல அந்த ரேஞ்ச தாண்டி போறது வேற கதை, அத கேட்டா வயிறு எரியும். வெப்சைட்ல விலைய மறைச்சாலும் ஃபில்டர்ல மேல் விலைய கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சுட்டே வாங்க, எந்த எடத்துல அந்த வீடு லிஸ்ட்ல இருந்து காணாம போகுதோ அது தான் ஏஜென்ட் உள்ள அடிச்ச நம்பர். எனக்கு பல தடவ வேலை செஞ்சிருக்கு.

குரோம்பேட்டை குடித்தனக்காரன்:
மாமா, இங்க ஃபில்டர் போட்டா அந்த 1 ரூபா மனை தான் மொதல்ல வந்து நிக்குது 😂 கோவைக்காரி அக்கா சொன்ன மாதிரி சர்வே நம்பர் கேட்டேன், "சார் நீங்க வக்கீலா"ன்னு கேட்டுட்டு வச்சுட்டாரு.

ஞாயிறு வேன் பயணி:
லேஅவுட்டுன்னா ரெரா நம்பரும், அதாவது ரியல் எஸ்டேட்ட கண்காணிக்கற ஆணையத்துல பதிவு பண்ண நம்பரும், கேளுங்க, 500 சதுர மீட்டருக்கு மேல மனை பிரிச்சு விக்கறதுன்னா பதிவு பண்ணாம விளம்பரமே போடக்கூடாது. எங்க வேன்காரங்க நோட்டீஸ்ல அந்த நம்பர் இல்ல, பிரியாணி படம் இருந்துச்சு.

மாடம்பாக்கம் புரோக்கர்:
தம்பி, அந்த கூடுவாஞ்சேரி மனை சர்வே நம்பர எனக்கு இன்பாக்ஸ் பண்ணுங்க, ஓனர் கேக்கற விலை என்னன்னு பாக்கறேன்.

குரோம்பேட்டை குடித்தனக்காரன்:
இங்கயே சொல்லுங்கண்ணா, எல்லாரும் பாக்கட்டும்.