அப்பாவிடம் டயாலிசிஸ் பற்றி எப்படிக் கேட்பது? அம்மா பேச்சை எடுக்கவே விடுவதில்லை

சோளக்கொல்லை:

சொந்த ஊர் அருப்புக்கோட்டை, நான் இருப்பது பெங்களூரு. அப்பாவுக்கு 74 வயது, மில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெடுநாள் சர்க்கரை, இப்போது கிட்னி. போன மாத ரிப்போர்ட்டில், கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 3.8. மதுரையில் பார்க்கிற டாக்டர் அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் மட்டும், "இந்த வருஷத்துக்குள்ள டயாலிசிஸ் தேவைப்படலாம், வீட்ல பேசி முடிவு பண்ணிக்கங்க" என்றார்.

வீட்டில் பேசுவதுதான் பிரச்சினை. அம்மாவிடம் மெல்ல ஆரம்பித்தேன், அப்பாவுக்கு என்ன இஷ்டம் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றுதான் சொன்னேன். "ஏண்டி, எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டி இளநி குடுத்துரலாம்னு பாக்கிறியா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டாம்; மற்றவர்களுக்காக, படுத்த படுக்கையான பெரியவர்களை வீட்டிலேயே சாகடிக்கிற தலைக்கூத்தல் அது. அப்பாவோ, எதிர்வீட்டு மாமா ஐசியுவில் கிடந்து இறந்தபோது, "என்னைய இப்படிக் குழாய மாட்டிப் போட்டு வச்சிராதீங்க" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். உடனே டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார். துபாயில் இருக்கும் அண்ணன் போனில் ஒரே வரி: "செலவைப் பாக்காத, எல்லாத்தையும் பண்ணச் சொல்லு."

பேச முடியாமல் போனால் எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கிற லிவிங் வில் என்று ஒன்று இருக்கிறதாமே, அதை எழுதி வாங்கிவிடலாமா? எந்த இடத்தில் ஆரம்பிப்பது? நம்மைக் கைகழுவுகிறார்கள் என்று அப்பா நினைத்துவிடக் கூடாது.

நைட் டூட்டி:

அக்கா, நான் டயாலிசிஸ் யூனிட்டில் நர்ஸ், முன்னால் ஐசியுவில் இருந்தேன். லிவிங் வில்லை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். உங்கள் அப்பா நல்ல நினைவோடு இருக்கிறார், அதனால் டயாலிசிஸ் வேண்டுமா என்று அவரையே கேட்க வேண்டும், அவர் பதில்தான் கணக்கு. அதுவும் சீக்கிரம். ஏனென்றால் டயாலிசிஸ் செய்வதாக இருந்தால் கையில் பிஸ்டுலா போட வேண்டும். முன்கையில் தமனியையும் சிரையையும் இணைக்கிற சின்ன ஆபரேஷன்தான், ஆனால் அந்த ரத்தக்குழாய் தடித்து ஊசி போடுகிற பக்குவத்துக்கு வர ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை ஆகும். பேச்சைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போகிற வீடுகளில் என்ன நடக்கும் என்றால், ஒருநாள் ராத்திரி மூச்சுத்திணறலோடு எமர்ஜென்சியில் கொண்டு வருவார்கள், கழுத்தில் ஒரு டியூபைப் போட்டு அவசர டயாலிசிஸ் ஆரம்பிப்போம், அந்த டியூபில் கிருமி தொற்றும், அதற்கு ஒரு அட்மிஷன். அந்த ராத்திரியில் பெரியவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, கையெழுத்துப் போடுவது பிள்ளைகள்.

செய்துகொண்டால் வாரம் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், முடிந்த அன்றைக்கு மனுஷன் துவண்டு போவார். அப்படியே பேரன் கல்யாணம் வரை நன்றாக இருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், இதயமும் சேர்ந்து கெட்டுப்போய் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தே காலம் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். சில மாதம் செய்து பார்த்துவிட்டு ஒத்துவரவில்லை என்றால் நிறுத்திக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே டாக்டரிடம் பேசி வைக்கலாம், அது நிறையப் பேருக்குத் தெரிவதே இல்லை. செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வயிற்று வழியாக வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸ் அவருக்குச் சரிப்படுமா என்றும் கேளுங்கள், அதற்கான திரவப் பைகளை 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே தருகிறார்கள். வேண்டாம் என்று அப்பா சொன்னால் வைத்தியத்தையே நிறுத்துவதாக அர்த்தம் இல்லை. பிரஷர், ரத்தசோகை, வீக்கம், அரிப்பு, மூச்சுத்திணறல் எல்லாவற்றுக்கும் மருந்து கடைசி வரை தொடரும்.

அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் அப்பா முன்னாலேயே சொல்லச் சொல்லுங்கள். நோயாளியை வெளியே உட்கார வைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

கோர்ட் ரோடு:

வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கிறேன், பேப்பர் சங்கதியை மட்டும் சொல்கிறேன். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு லிவிங் வில்லை ஒத்துக்கொண்டது. ஆனால் அப்போது மாஜிஸ்திரேட் மேலொப்பம் இடவேண்டும் என்று இருந்ததால் எவரும் அந்தப் பக்கம் போகவில்லை. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கிவிட்டார்கள். இப்போது சாட்சி இரண்டு பேர், நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசர் சான்று, அவ்வளவுதான். ரெஜிஸ்டர் ஆபீஸ் போக வேண்டியதில்லை. தன்னால் சொல்ல முடியாமல் போனால் யார் பேச வேண்டும் என்று ஒருவருக்கு மேலும் பெயர் எழுதலாம். ஒரு நகல் குடும்ப டாக்டரிடமும் ஒன்று நகராட்சியிலும் இருக்க வேண்டும். மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்துகொள்ளலாம்.

எழுதிவிட்டதாலேயே டாக்டர் உடனே வென்டிலேட்டரைக் கழற்றிவிடவும் மாட்டார். பிழைக்க வழியில்லாத நிலை என்று ஆஸ்பத்திரியில் ஒரு மருத்துவக் குழு சொல்ல வேண்டும், அப்புறம் மாவட்ட மருத்துவ அதிகாரி நியமிக்கிற டாக்டரோடு இரண்டாவது குழு சொல்ல வேண்டும், நிறைவேற்றும் முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். பேப்பர் இல்லாவிட்டாலும் இதே குழுக்கள் உண்டு, நெருங்கிய உறவுகளின் சம்மதத்தைக் கேட்பார்கள். உங்கள் துபாய் அண்ணன் இடறப்போவது அங்கேதான்.

வாசத்திண்ணை:

அம்மாடி, எனக்கு 71 வயசு. உன் அம்மா பக்கத்திலிருந்து சொல்கிறேன். அவர் அந்தக் குளிப்பாட்டுப் பேச்சை எடுத்ததில் தப்பே இல்லை. தலைக்கூத்தல் நடந்த வீடுகளை எங்கள் வயசுக்காரர்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம், ஜாடைமாடையாகப் பேசிக்கொள்வார்கள், விடிந்தால் காரியம் முடிந்திருக்கும். படுத்திருந்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதனால் உன் அம்மாவிடம் நேராகவே சொல்: "அப்பாவக் கேக்காம நாங்க எதையும் பண்ண மாட்டோம்மா, அதுக்குத்தான் இப்பவே கேக்கணும்ங்கிறேன்." இதைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றிப் பேசினால் சந்தேகம் கூடத்தான் செய்யும்.

இன்னொன்று. அவருக்குப் பத்தியச் சமையல் பண்ணுவதும், ராத்திரி எழுந்து கால் பிடித்துவிடுவதும், இனி வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்காரப் போவதும் உன் அம்மாதான். அவரால் எவ்வளவு முடியும் என்று யாராவது கேட்டீர்களா? முதலில் அதைக் கேள். அப்புறம் பார், அவரே அப்பாவிடம் பேச்செடுப்பார்.

என் மகன் என்னிடம் பேங்க் நாமினி பேப்பரோடு சேர்த்துத்தான் இதையும் கேட்டான். எப்.டி.க்கு யார், நகைக்கு யார் என்று எழுதிக்கொண்டே வந்தவன், உனக்குப் பேச முடியாமல் போனால் டாக்டரிடம் யார் பேசணும் என்றும் கேட்டான். "உன் அக்கா" என்றேன். முகம் சுருங்கிவிட்டது! ஆனால் எழுதிக்கொண்டான். மூக்கில் குழாய் விட்டுக் கஞ்சி ஊற்றலாமா என்றான், பத்து நாள் ஊற்று, அதற்கு மேல் வேண்டாம் என்றேன்.

எதிர்க்கட்சி:

எல்லோரும் அழகாகப் பேசுகிறீர்கள். என் அப்பா பத்து வருஷமாக "எனக்கு ஒண்ணும் பண்ணாதீங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தவர், நெஞ்சுவலி வந்த அன்றைக்கு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு "சீக்கிரம் வண்டிய எடுடா" என்றார். ஸ்டென்ட் வைத்தோம், இன்றைக்கும் காலையில் பேப்பர் படித்துவிட்டு என்னோடு அரசியல் சண்டை போடுகிறார். பெரியவர்கள் திண்ணையில் சொல்வதையெல்லாம் எழுதி வாங்கி வைத்தால் விபரீதம்.

நைட் டூட்டி:

எதிர்க்கட்சி அண்ணா, அந்த வண்டியை எடுத்தது நூற்றுக்கு நூறு சரி. அவர் வாயால் சொல்ல முடிகிறவரை அன்றைக்கு என்ன சொல்கிறாரோ அதுதான் செல்லும், பேப்பர் வேலைக்கு வருவது நினைவு போய், மீள வழியில்லை என்று ஆன பிறகு. "ஒண்ணும் பண்ணாதீங்க" என்று பொதுவாகச் சொல்வதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது, அதனால்தான் பிரித்துப் பிரித்துக் கேட்கச் சொல்கிறோம். நிமோனியாவுக்கு நான்கைந்து நாள் வென்டிலேட்டரில் இருந்து எழுந்து நடந்து போனவர்கள் உண்டு. இரண்டு வாரம் ஆகியும் குழாயை எடுக்க முடியாமல், கழுத்தில் ஓட்டை போட்டு, பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கையையும் கட்டிலோடு துணியால் கட்டி வைத்திருப்போம், அது வேறு. முதலாவதுக்குச் சரி, இரண்டாவதுக்கு வேண்டாம் என்று ஒருவர் சொல்லலாம் இல்லையா?

சோளக்கொல்லை:

எல்லோருக்கும் நன்றி. வாசத்திண்ணை அம்மா சொன்னபடி நேற்றுப் போனில் அம்மாவிடம், "நீ எப்படிம்மா சமாளிக்கப் போற?" என்று மட்டும் கேட்டேன். முழங்கால் வலியிலிருந்து ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினார். கடைசியில், "அந்த மிஷின்ல போட்டா உங்கப்பா புளிக்குழம்பு சாப்பிடலாமாமா?" என்று கேட்டார். அவருக்கு டயாலிசிஸ் விஷயம் முன்பே தெரிந்திருக்கிறது! அடுத்த செக்கப்புக்கு அம்மாவும் வருகிறார். டாக்டர் பேசும்போது அண்ணனை வீடியோ காலில் வைத்திருக்கப் போகிறேன், அப்பா சொல்வதை அவர் வாயாலேயே அண்ணனும் கேட்கட்டும். பேப்பர் அப்புறம். நர்ஸ் தங்கச்சி, அதுவரை நான் வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?

நைட் டூட்டி:

ஆமாம் அக்கா. அப்பாவுக்கு வலது கைப் பழக்கம் என்றால் இடது கையில் ரத்தம் எடுக்க, டிரிப்ஸ் ஊசி போட இனி யாரையும் விடாதீர்கள். பிஸ்டுலா போட அந்தக் கையின் ரத்தக்குழாய்கள் கெடாமல் இருக்க வேண்டும். லேபில் அவசரத்தில் கேட்க மாட்டார்கள், அப்பாவையே சொல்லச் சொல்லுங்கள். புளிக்குழம்பு பற்றி டயட்டீஷியனிடம் கேளுங்கள், பொட்டாசியம் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.