பெரியாஸ்பத்திரிகளுக்கு டீன் போதுமா, தனி நிர்வாகி வேணுமா?

வைகைக்கரை:
போன மாசம் அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு ஒரு கவர்மென்ட் ஆஸ்பத்திரில சேர்த்தோம், எந்த ஊருன்னு வேணாம். ஆபரேஷன் தியேட்டர் மூணாவது மாடி, லிஃப்ட் ஓடல. ட்ரிப்ஸ் பாட்டில அம்மா தூக்கிப் பிடிச்சுக்க, நானும் தம்பியும் ஸ்ட்ரெச்சரைச் சாய்தளத்துல தள்ளிக்கிட்டு ஏறுனோம், ஒரு சக்கரம் சைடுல இழுத்துக்கிட்டே இருந்துச்சு, ஒவ்வொரு வளைவுலயும் அப்பா பல்லைக் கடிச்சாரு. ஆஸ்பத்திரியோட நிலைய மருத்துவ அலுவலர் (ஆர்.எம்.ஓ) கிட்ட கேட்டா லிஃப்ட் பி.டபிள்யூ.டி எலக்ட்ரிக்கல்காரங்க பொறுப்பு, லெட்டர் போட்டாச்சுன்னாரு. பாவம், அவரும் என்ன செய்வாரு.

நம்ம மதுரை பெரியாஸ்பத்திரியையே எடுத்துக்கங்க, 1954ல ஆரம்பிச்ச மெடிக்கல் காலேஜுக்கும் டீன்தான், ஆஸ்பத்திரிக்கும் டீன்தான். ஆனா டாக்டருங்களைத் தேர்வு பண்ணிப் போடுறது எம்.ஆர்.பிங்கிற தேர்வு வாரியம், மருந்து வாங்குறது மருத்துவப் பணிகள் கழகம், கட்டடம் பி.டபிள்யூ.டி, கிளீனிங் செக்யூரிட்டி கான்ட்ராக்ட். எல்லாச் சாவியும் வேற வேற ஆளு இடுப்புல இருக்கு, திட்டு மட்டும் டீனுக்கு. காசும் அதிகாரமும் கையில இருக்குற ஒரு தனி நிர்வாகி, அவரைக் கேள்வி கேக்க ஒரு போர்டு வேணும்ங்கிறேன்.

செல்லூர் அக்கா:
தம்பி, அப்பா இப்ப எப்படி இருக்காரு? நான் முப்பது வருசம் ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ, உங்க கஷ்டம் புரியுது. ஆனா தனி நிர்வாகிங்கிறதை ஒத்துக்க மாட்டேன். 1994ல மருத்துவப் பணிகள் கழகம் வர்றதுக்கு முன்னாடி ஸ்டோர்ல என்ன இருக்கும் என்ன இருக்காதுன்னே தெரியாது. இப்ப ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக், குடோன்ல எடுக்க எடுக்க அதுல கழியும், மொத்தமா வாங்குறதால வெலையும் கம்மி. கேரளா, ராஜஸ்தான்லாம் நம்மளப் பாத்துத்தான் கழகம் ஆரம்பிச்சாங்க. அந்தச் சாவியைப் பிரிச்சு ஆளுக்கு ஒண்ணா குடுத்தா பெரிய ஆஸ்பத்திரி பொழச்சுக்கும், உசிலம்பட்டி, மேலூரெல்லாம் என்ன ஆகும்?

வைகைக்கரை:
அக்கா, இப்ப வாக்கர் புடிச்சு நாலு எட்டு நடக்குறாரு. மருந்து வாங்குறதை நானும் பிரிக்கச் சொல்லல, அது நல்லாத்தான் நடக்குது. நான் கேக்குறது அன்னாடப் பொறுப்பு. இங்கிலாந்துல 1983லயே இந்தக் கேள்வி வந்துச்சு. செயின்ஸ்பரி சூப்பர்மார்க்கெட் கம்பெனியில இருந்த ராய் கிரிஃபித்ஸுங்கிறவரு அங்கத்தி அரசு மருத்துவ சேவையைப் பாத்துட்டு, நைட்டிங்கேல் அம்மா விளக்கோட இன்னிக்கு வராண்டால வந்தா இங்க பொறுப்பு யாருன்னுதான் தேடிக்கிட்டிருப்பாங்கன்னு எழுதுனாரு. அப்புறந்தான் அங்க பொது மேலாளர்னு ஒருத்தரைப் போட்டாங்க. நானும் அன்னிக்கு அந்தச் சாய்தளத்துல ஏறும்போது அதைத்தான் தேடுனேன்.

திருமங்கலத்தான்:
அதே இங்கிலாந்துலதான் ஸ்டாஃபர்ட் ஆஸ்பத்திரியும் இருக்கு சகோ. போர்டு, சி.இ.ஓ எல்லாம் இருந்துச்சு. தன்னாட்சி அந்தஸ்து வாங்கணும், கணக்கைச் சரி காட்டணும்னு நர்ஸுங்களைக் குறைச்சாங்க, வயசானவங்க தண்ணி கேட்டும் கெடைக்காம கெடந்தாங்க. 2013ல ஃபிரான்சிஸ் விசாரணை அறிக்கை இதையெல்லாம் புட்டுப்புட்டு வச்சுச்சு. போர்டு முன்னாடி வந்தது வரவு செலவுக் கணக்கு, வார்டு வரல.

அவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம தோப்பூர் எய்ம்ஸ் சட்டப்படி தனி அமைப்பு, டைரக்டரெல்லாம் உண்டு. 2019 ஜனவரில அடிக்கல் நட்டாங்க, 2022ல முதல் பேட்ச் பசங்க சொந்தக் கட்டடம் இல்லாம ராமநாதபுரம் மெடிக்கல் காலேஜ்லதான் கிளாஸ் ஆரம்பிச்சாங்க.

வைகைக்கரை:
எய்ம்ஸ் தாமதம் கடன், டெண்டர், டெல்லி சம்பந்தப்பட்ட விசயம், அதை போர்டு தலையில கட்டாதீங்க. ஸ்டாஃபர்ட் விசயத்துல நீங்க சொல்றது நியாயம், போர்டுல நோயாளி பக்கத்து ஆளும் நர்ஸும் இல்லேன்னா அப்படித்தான் ஆகும்னு ஒத்துக்கிறேன்.

செல்லூர் அக்கா:
இப்பத்தான் வழிக்கு வர்றீங்க. நைட் டியூட்டில நாப்பது பெட்டுக்கு நான் ஒருத்தி நின்ன நாள் உண்டு, ஒருத்தருக்கு ஊசி போடும்போது இன்னொரு மூலையில ஆக்சிஜன் தீந்துக்கிட்டிருக்கும். அதை மேல சொல்ல டீன் காதுதான் இருந்துச்சு, ஏன்னா அவரும் வார்டுல நின்னவரு. கணக்குப் படிச்ச நிர்வாகிக்கு நாப்பது பெட்டு ஒரு நம்பர். அதான் பயமா இருக்கு.

சோழவந்தான் கிளார்க்:
நான் ஆஸ்பத்திரி ஆபீஸ்ல ஃபைல் பாக்குறவன். ரெண்டு பேரும் ஒண்ண விட்டுட்டீங்க. காப்பீட்டுத் திட்டத்துல அரசு ஆஸ்பத்திரிக்கும் ஆபரேஷனுக்குப் பணம் வருது, 2005ல வந்த ஊரக சுகாதார இயக்கத்துல இருந்து நோயாளர் நலச் சங்கம்னு ஒண்ணும் இருக்கு, சின்ன ரிப்பேருக்கெல்லாம் அதுல செலவு பண்ணலாம். ஸ்ட்ரெச்சர் சக்கரம் அந்தக் காசுல மாத்துற விசயம், அதுக்குப் புது போர்டு வேணாம், சங்கம் கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதுனா போதும். லிஃப்ட்டு அப்படியில்ல, எஸ்டிமேட் வரணும், சாங்ஷன் வரணும், அதுவரைக்கும் டீன் கையெழுத்துப் போட்ட லெட்டர்தான். அந்த இடத்துல மட்டும் டீனுக்கு ஒரு தொகை வரைக்கும் தானே ஆளைக் கூப்பிட்டு ரிப்பேர் பாக்குற பவர் குடுத்தா என்ன?

வைகைக்கரை:
அதுக்கு நான் ரெண்டு கையாலயும் கையெழுத்துப் போடுவேன் அண்ணே. சங்கத்துக் கூட்டம் கடைசியா எப்ப நடந்துச்சு, என்ன தீர்மானம் போட்டாங்கன்னு கேட்டு இன்னிக்கு ஆர்.டி.ஐ எழுதுறேன், எந்தெந்தக் கேள்வி வைக்கணும்னு சொல்லுங்க.

செல்லூர் அக்கா:
முதல் கேள்வியா, ராத்திரி எத்தன பெட்டுக்கு எத்தன நர்ஸுன்னு கேளுங்க தம்பி.