கூட்டு பிளேலிஸ்ட்டில் உங்கள் பாட்டு காணாமல் போயிருக்கிறதா? (அனுபவப் பகிர்வு)

கிரைண்டர்84

கூட்டு பிளேலிஸ்ட் (ஒரே பட்டியலில் பல பேர் பாட்டைச் சேர்க்கலாம், எடுக்கலாம்) எப்படி ஓடும் என்று இந்த இன்ஸ்ட்ருமென்டல், டவுன்டெம்போ (குரலில்லாத, மெதுவான பீட்) இசைக் குழுவில் எல்லோருக்கும் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் நாலு பேர். 2021-இல் ஆளுக்கொரு ஊரில் வீட்டிலிருந்தே வேலை பார்த்தபோது ஆரம்பித்தோம். விதி ஒன்றுதான்: யாரும் பாடக் கூடாது, ராப் கூடாது, பீட் மட்டும். முதல் பாட்டு ஜப்பானிய பீட் கலைஞர் நுஜாபெஸ் செய்தது. அந்த மனிதர் 2010 பிப்ரவரியிலேயே டோக்கியோவில் சாலை விபத்தில் போய்விட்டார். அது தெரியாமல் அடுத்த ஆல்பம் எப்போ வரும் என்று மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் ஞானம் அவ்வளவுதான்.

போன வருடம் நானே ஒரு பீட் செய்தேன். எங்கள் வீட்டு கிரைண்டரில் கல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ‘டக்’ என்று தட்டும். அதைப் போனில் பிடித்து, வேகத்தைக் குறைத்து, 84 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 84 தட்டு) சுற்ற விட்டேன். மேலே எலக்ட்ரிக் பியானோவில் இரண்டே கார்ட் (சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக அழுத்துவது). மொத்தம் 1 நிமிடம் 52 வினாடி. ஒரு புனைபெயரில் ஏற்றி, எங்கள் பட்டியலில் 140-ஆவதாகச் சொருகினேன். நான் செய்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒருத்தனாவது “டேய், இதை எங்கேருந்து பிடிச்சே?” என்று கேட்பான், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

ஒன்பதாம் நாள் ராத்திரி பட்டியலை ஓட விட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். 139 முடிந்தது. சோப்புக் கையோடு அந்த ‘டக்’குக்காக நின்றேன். அடுத்த பாட்டு, பொனோபோ என்ற கலைஞருடையது, வந்தது. ஈரக் கையோடு போனை எடுத்துப் பார்த்தால் 213 இருந்த இடத்தில் 212.

யார் சேர்த்தது என்று ஆப் காட்டும். யார் எடுத்தது என்று காட்டாது. கேட்கலாம். ஆனால் “அந்த ஒரு பாட்டுக்கு ஏன்டா இவ்வளவு?” என்று திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? எட்டு மாதம் ஆகிறது. அந்த மூன்று பேரோடும் தினமும் பேசுகிறேன், யார் குரலைக் கேட்டாலும் ‘நீயா?’ என்றுதான் தோன்றுகிறது.

ஹாஸ்டல்_பால்கனி

உங்கள் விதியே தப்பு ப்ரோ. யாரும் பாடக் கூடாது என்றால் ஜே டில்லா என்ற அமெரிக்க பீட் கலைஞரின் ‘டோனட்ஸ்’ ஆல்பத்தை என்ன செய்வீர்கள்? 31 துண்டு, முக்கால்வாசியில் யாராவது கத்திக்கொண்டோ முனகிக்கொண்டோ இருப்பார்கள். அங்கே பாட்டுக்காரரின் குரலும் ஒரு டிரம்தான். 2006 பிப்ரவரி 7, அவருடைய 32-ஆவது பிறந்தநாளில் அந்த ஆல்பம் வந்தது. மூன்றே நாளில் ஆள் போய்விட்டார். அதைக் கொண்டுவந்து ‘குரல் வருது’ என்று வெளியே நிறுத்தினால் எனக்குக் கோபம் வரும்.

வந்தது. கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தபோது ஆறு பேர் சேர்ந்து செமஸ்டருக்குப் படிக்கப் பட்டியல் போட்டோம். நான் டோனட்ஸிலிருந்து எட்டு போட்டேன். ரூம்மேட் எட்டையும் தூக்கிவிட்டான். “குரல் வந்தா எனக்கு ஃபார்முலா மண்டையில ஏறாதுடா” என்றான். சரி என்று விட்டுவிட்டேன். மறுநாள் அதிகாலை மூன்று மணிக்குப் பால்கனிப் பக்கம் போனால், அவன் திரும்பி உட்கார்ந்து பேனா மூடியால் கைப்பிடிக் கம்பியில் தட்டிக்கொண்டிருக்கிறான். காதில் ஒன்றும் இல்லை. தட்டுவது நான் போட்ட எட்டில் மூன்றாவது. அந்தப் பிந்தி விழுகிற ஸ்நேர் டிரம் அடி உட்பட அப்படியே. நான் சத்தம் போடாமல் திரும்பி வந்து படுத்துவிட்டேன். ஏன் கேட்கவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

ஊசிமுனை

என் கதை சின்னது. நண்பன் ஒருத்தன் எங்கள் பட்டியலில் ஆறு மணி நேர மழைச் சத்தத்தைப் போட்டுவிட்டான், பட்டியல் செத்துப்போனது. முடிந்தது.

ஆனால் மேலே எழுதிய இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. முதலில், 200 பாட்டு எதற்கு? நாலு பேர் என்றால் ஆளுக்குப் பன்னிரண்டு போதும். புதிதாக ஒன்று போட்டால் தன்னுடையதில் ஒன்றை எடுத்துவிட வேண்டும், அடுத்தவன் பாட்டில் கை வைக்கக் கூடாது. இதை முதல் நாளே பேசியிருந்தால் கிரைண்டர் நண்பருக்கு இந்த நிலைமை வந்திருக்காது. இரண்டாவது, வரிசை. 70 பிபிஎம்மில் ஆரம்பித்து 90-க்கு மெதுவாக ஏற்றுங்கள். நடுவில் ஒரு 170 வந்தால் பயப்பட வேண்டாம், காது அதைப் பாதியாக்கி 85 என்றே எடுத்துக்கொள்ளும். மூன்றாவது, ஷஃபிளை அணையுங்கள். டோனட்ஸில் கடைசித் துண்டு போய் முதல் துண்டில் ஒட்டும், வட்டமாகக் கேட்க வேண்டிய ஆல்பம் அது. எட்டைப் பிய்த்துப் போட்ட ஹாஸ்டல் நண்பர்தான் முதல் குற்றவாளி, ரூம்மேட் இல்லை. நான்காவது, கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டு முடியும்போதே அடுத்தது கலந்து வருவது). 12 வினாடி வரை வைக்கலாம் என்பதற்காக 12 வைக்காதீர்கள். 1 நிமிடம் 52 வினாடிப் பீட்டில் முன்னே பன்னிரண்டு, பின்னே பன்னிரண்டு போனால் மிச்சம் என்ன இருக்கும்? அதோடு அது அவரவர் போனில் வைக்கிற அமைப்பு, பட்டியலோடு சேர்ந்து வராது. ஒரே பட்டியலை நாலு பேர் நாலு விதமாகக் கேட்டுவிட்டுச் சண்டை போடுவார்கள். ஐந்தாவது, சத்தத்தைச் சமன் செய்யும் அமைப்பைப் போட்டுவையுங்கள். அமெரிக்க பீட் கலைஞர் டிஜே ஷேடோவின் பழைய பாட்டுக்கு அப்புறம் புது லோஃபை (படிக்கும்போது ஓடவிடுகிற மெல்லிய பீட்) வந்தால் காது கிழியும்.

ஷேடோ என்றதும் ஞாபகம் வருகிறது. 1996 ஆல்பத்தை அவர் பெரும்பாலும் ஒலித்துண்டுகளைப் பிடித்து வாசிக்கும் எம்பிசி 60 என்ற கருவி, டர்ன்டேபிள், பழைய ரெக்கார்டுகள் இவற்றை வைத்துத்தான் கட்டினார். கிரைண்டரை வைத்துச் செய்வதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

ஸ்கார்பரோ_பனி

ஊசிமுனை அண்ணா, ஆளுக்குப் பன்னிரண்டு என்றால் அது ரேஷன் கடை.

எங்களுடையது மூன்று பிள்ளைகளின் பட்டியல், ஒருத்தி யமேக்கா நாட்டுக்காரி. அவள் அமெரிக்க ஹிப்ஹாப் பக்கம் இருந்து பிளாக் ஐட் பீஸ் குழுவின் ‘எலிஃபங்க் தீம்’ போட்டிருந்தாள். நான் குசினியில் ஸ்பீக்கரில் விட்டுவிட்டு வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். அம்மா ஹோலில் உடுப்பு மடித்துக்கொண்டு இருந்தவ. பாட்டுக்குள் ஒரு பழைய தமிழ்ப் பட வரி வந்ததும், அவ தலை நிமிராமலே அடுத்த வரியைப் பாடிக்கொண்டு போனா. பிளாக் ஐட் பீஸ் அந்த அடுத்த வரியைப் போடவே இல்லை, பீட் வேறு பக்கம் திரும்பிவிட்டது, அம்மா நிற்கவில்லை. 1985-இல் வந்த ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படத்தில் இளையராஜா போட்ட பாட்டு அது. “இதை ஏன் பிள்ளை பாதியில வெட்டினவங்கள்?” என்று கேட்டா. சாம்பிள் என்றால் என்ன என்று விளங்கப்படுத்த எனக்குத் தமிழில் சொல் வரவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஹாஸ்டல்_பால்கனி

@ஸ்கார்பரோ_பனி கதை சூப்பர். ஆனால் அது இன்ஸ்ட்ருமென்டலே இல்லையே அக்கா. டவுன்டெம்போவும் இல்லை.

@ஊசிமுனை பிய்த்துப் போட்டதற்கு நான் குற்றவாளி என்றால், டில்லாவே பிய்த்துப் போட்டவர்தான்.

ஸ்கார்பரோ_பனி

இல்லைதான். அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன்.

பேர்_வேண்டாம்

நான் எடுக்கிற கட்சி. திட்டுவதானால் திட்டுங்கள்.

2022 ஜூலையில் பொய்யான காப்புரிமைப் புகார் ஒன்றினால் யூடியூபில் நாள் முழுக்க பீட் ஓடும் லோஃபை கேர்ள் நேரலை இரண்டு நாள் நின்றதே, அப்போது ஆபீஸில் ஐந்து பேர் பதறிப்போய் ஆரம்பித்த பட்டியல் எங்களுடையது. இப்போது 400-க்கு மேல். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து களை எடுத்தேன். என் கணக்கு இதுதான்: கலைஞர் பெயரைத் தொட்டால் படம் இல்லை, அவர் பெயரில் வேறு பாட்டு இல்லை, நீளம் இரண்டு நிமிடத்துக்குள். இயந்திரம் துப்பியது என்று முடிவு கட்டி வரிசையாக எடுத்தேன். 14 போனது. பாதியைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் குரூப்பில் ஒரு பையன், “யாராச்சும் லிஸ்ட்டை மாத்தினீங்களா?” என்று கேட்டான். நான் இல்லை என்று போட்டேன். அவன் “ஓகே” என்று போட்டான், எப்போதும் ஸ்மைலி போடுகிறவன். கிரைண்டர் எழுதியதைப் படித்ததிலிருந்து அந்த ஸ்மைலி இல்லாத ‘ஓகே’ கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அந்த 14 என்னென்ன என்று எனக்கு ஞாபகம் இல்லை.

கிரைண்டர்84

@ஊசிமுனை என் போனில் கிராஸ்ஃபேட் பூஜ்யம். மற்றவர்களுடையதைக் கேட்டதில்லை.

@பேர்_வேண்டாம் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் புனைபெயர்ப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். படம் இல்லை, சாம்பல் வட்டம். ஒரே பாட்டு. 1:52. மொத்தம் 61 முறை ஓடியிருக்கிறது, அதில் நாற்பது முறையாவது கேட்டது நான்தான். நானே என்றாலும் எடுத்திருப்பேன்.

நேற்று ராத்திரி அம்மாவின் கிரைண்டரைப் படம் பிடித்து அந்த வட்டத்தில் போட்டேன். கல் ஓரத்தில் மாவு காய்ந்திருக்கிறது, துடைக்கவில்லை. பாட்டை மறுபடி 140-இல் வைத்திருக்கிறேன்.

லிங்க் கேட்டுத் தனிச்செய்தி அனுப்பிய மூன்று பேருக்கும்: தர மாட்டேன், மன்னிக்கவும். காலையில் பார்த்தபோது மொத்தம் 219 இருந்தது.